பெயர் சொல்லாத மனுசி

நான் வேலைக்குப் போன முதல் நாள் காலை, முதலாளி என்னை ஒரு நீண்ட மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது சிவா. இனி உங்களுக்குக் கம்பி வளைத்துத் தரப்போவது இவன்தான்" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனுசி நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். யாரோ வந்து நிற்கிறார்களாக்கும் என்று நானும் திரும்பினேன். கதவும் அதற்கு அப்பால் பெய்துகொண்டிருந்த பனியும்தான் இருந்தன. மறுபடி அவர் பக்கம் திரும்பியபோது அவர் குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டார். "இல்லை" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். முதலாளி அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் பெயர் உண்மையில் சிவா இல்லை.

அது ரொறொன்ரோவின் மேற்கில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தொழிற்கூடம். பூக்கடைகளுக்கு மலர்வளையங்கள் செய்து கொடுப்பதுதான் வேலை. பெரும்பாலும் செத்தவீடுகளுக்கு. உள்ளே போனால் நனைந்த பாசியும் வெட்டின பைன் கொப்பும் சூடான பசையும் சேர்ந்த ஒரு மணம். நாங்கள் பதினொரு பேர். போர்த்துக்கேயப் பெண்கள் ஆறு பேர், பிலிப்பைன்ஸில் இருந்து வந்த அக்கா தங்கை இரண்டு பேர், அச்சுவேலிச் செல்வம் அண்ணை, நான். எல்லோரையும்விட வேகமாகவும் சுத்தமாகவும் வளையம் கட்டுகிறவர் அந்த மனுசி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். பால்டிக் கடற்கரையில் இருக்கிற லத்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து சண்டைக்காலத்தில் சிறுமியாக ஓடிவந்தவர். நல்ல உயரம். நரைத்த பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார். நெடுங்கால வேலையில் விரல் நுனிகளில் பச்சை ஊறிவிட்டிருந்தது, கழுவினாலும் போகாது.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். இதுதான் அவரைப் பற்றி எல்லோரும் முதலில் அறிந்துகொள்கிற விசயம். என்னைக் 'கம்பி' என்பார். பாசியை நனைக்கிற பெண் 'தண்ணி'. முதலாளி 'மூக்குக்கண்ணாடி'. செல்வம் அண்ணை சிகரெட் பிடிக்கிறவர் என்பதால் 'புகை'. அவர்களுக்கு முன்னாலேயே அப்படித்தான் சொல்வார். தன் பெயரையும் சொல்லமாட்டார். சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், ஆனால் அந்த உறையை முதலாளி அவர் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். அது அவர்களுக்குள் எப்போதோ செய்துகொண்ட ஏற்பாடு.

செத்தவரின் பெயரைப் பொன் எழுத்தில் ஒட்டிய ரிபன் ஒவ்வொரு வளையத்துக்கும் வரும். அதை அவர் தொடமாட்டார். தன் மேசைக்கு யாராவது தவறி வைத்துவிட்டால் கத்தரிக்கோலின் நுனியால் மெல்லத் தள்ளிப் பக்கத்து மேசைக்கு அனுப்புவார், உயிருள்ள ஒரு பூச்சியை நோகாமல் நகர்த்துவதைப்போல. "உந்த மனுசியோட கவனம் தம்பி" என்று செல்வம் அண்ணை எனக்குச் சொன்னார். "நல்ல மனுசிதான். ஆனால் பக்கத்திலை இருந்தால் எனக்கு மயிர் கூச்செறியுது."

ஒரு நாள் பின்பக்கத்தில் லொறி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. பாசி நனைக்கிற பெண் கீழே சிந்தியதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு காதில் வானொலி. லொறிக்காரனுக்கு அவள் தெரியவில்லை. எனக்கு நாக்கு எழவில்லை. மனுசி அவளுக்கு இருபது அடி தூரத்தில் நின்றார். உரத்துக் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடவில்லை. ஓடினார். அந்தப் பாரமான உடம்போடு ஓடிப்போய் அவளைச் சட்டையில் பிடித்து இழுத்து, இருவரும் சேற்றில் விழுந்தார்கள். மனுசியின் முழங்கை முறிந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு அவர் வேலைக்குத் திரும்பி வந்த அன்று நான் கேட்டேன்: "ஏன் நீங்கள் கூப்பிடவில்லை?"

"கூப்பிட்டால் நிமிர்வார்கள்" என்றார். எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது பிறகு, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில். மற்றவர்கள் வெயில் காய வெளியே போய்விட்டார்கள். அவர் கறுப்புப் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர், நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். ஊரைவிட்டு ஓடுகிறபோது அவருக்கு ஏழு வயது. தங்கச்சிக்கு நாலு. படைக்காரர் வருகிற சத்தம் கேட்டதும் தாய் இருவரையும் தானிய வயலுக்குள் படுக்கச் சொல்லியிருக்கிறா. பயிர் பெரியவர்களின் நெஞ்சளவு. கனநேரம் சத்தமே இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்து இவர் தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை எழுந்து நின்றது.

"எங்கே நிற்கிறேன் என்று காட்டக் கையையும் தூக்கினாள்" என்றார். பிறகு கத்தியைத் துடைத்து மடித்து வைத்தார். "அவர்கள் போகவில்லை."

பாண் துண்டை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு அண்ணா, சிவநேசன். நான் குணநேசன், வீட்டில் குணா. கனடாவுக்கு வர இருந்தவர் அண்ணாதான். கொழும்பில் பாஸ்போட் எடுத்து ஏஜென்ரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக ஊருக்கு வந்தார். திரும்பிப் போகிற வழியில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பஸ்சை மறித்து ஏழு பேரை இறக்கினார்கள். அவரும் ஒருவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா முகாம் முகாமாக அலைந்தா. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற ஒரே பதில். ஒன்றரை வருடம் கழித்து ஏஜென்ட் அம்மாவிடம் வந்து, "தம்பிக்கும் தமையனுக்கும் ஒரே முகம். இவனையாவது அனுப்புங்கோ" என்றான். அண்ணாவின் பாஸ்போட்டில், அண்ணாவின் பெயரில், அண்ணாவின் பிறந்த திகதியோடு நான் வந்து இறங்கினேன். அகதி விசாரணையிலும் அதே பெயரைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் சிவா. வங்கியில் சிவா, பல் வைத்தியரிடம் சிவா, பஸ்சுக்குள் தெரிந்தவர் கண்டு கூப்பிட்டால் சிவா. அம்மாவின் கடித உறையில்கூட அண்ணாவின் பெயர்தான் இருக்கும். உள்ளே மட்டும், 'அன்பு மகன் குணாவுக்கு.'

இது செல்வம் அண்ணைக்குத் தெரியும். மனுசிக்கு நான் சொன்னதில்லை.

ஜூன் மாதம் நடுவில் ஒரு நாள் மனுசி மேசையில் பைனுக்குப் பதிலாக ஓக் இலைக் கொப்புகள் கிடந்தன. வேலை முடிந்த பிறகும் இருந்து தடித்த வளையங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். "இது யாருக்கு?" என்றேன்.

"உயிரோடு இருக்கிற தலைகளுக்கு. வருகிற கிழமை வருடத்திலேயே நீண்ட பகல். எங்கள் ஆட்கள் நெருப்பு மூட்டி விடியும் வரை முழித்திருப்போம். தேவாலயம் பிறகு வந்து அதற்கு ஒரு புனிதரின் பெயரை வைத்தது. நெருப்பு அதற்கு முன்னமே இருந்தது." ஒரு இலையை மடித்துச் செருகினார். "நீயும் வா, கம்பி. அன்று வருகிறவர்களிடம் நாங்கள் பெயர் கேட்பதில்லை."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

விட்பி என்ற ஊருக்கு வடக்கே, அவருடைய ஊர்க்காரக் கிழவர் ஒருவரின் பண்ணை. செல்வம் அண்ணையின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். படலையில் பேர்ச் மரக் கிளைகள் கட்டியிருந்தன. கதவு நிலை, வண்டி, நாயின் கழுத்து, எல்லாவற்றிலும் இலை. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பெண்கள் தலையில் பூ வளையம், ஆண்கள் தலையில் ஓக் வளையம். எனக்கும் ஒன்றை மனுசி வைத்துவிட்டார். அது எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது. சீரகம்போல ஒரு விதை போட்ட வட்டமான மஞ்சள் சீஸ், வீட்டில் காய்ச்சிய பியர். ஒரு குளம், அதன் கரையில் விறகுக் குவியல், குளத்துக்கு அப்பால் அறுக்காத வயல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிற பாட்டு ஒன்றை அவர்கள் மாறி மாறிப் பாடினார்கள். ஒன்பது மணியாகியும் சூரியன் போகவில்லை. வயலுக்கு மேலே சிவந்து, அசையாமல், ஒட்டிவைத்ததுபோல இருந்தது.

"இந்த நாட்களில் சூரியன் நிற்கிறது" என்று மனுசி சொன்னார். "அது நிற்கிற நேரத்தில் கூப்பிட்டால் போனவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். வருடத்தில் இன்றைக்கு மட்டும் நான் கூப்பிடுவேன். ஆளுக்கு ஒரு பெயர்."

நெருப்பு மூட்டினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்ததால் சுவாலை தெரியவில்லை, வெக்கை மட்டும் முகத்தில் அடித்தது. மனுசி ஒவ்வொருவரிடமாகப் போய்க் காதைக் கொடுத்தார். அவர்கள் ஒரு பெயரை முணுமுணுத்தார்கள். அவர் குளக்கரைக்குப் போய் நின்று அதை வயலைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் அவருடைய குரலை அப்படிக் கேட்டதே இல்லை. சாப்பாட்டுக்கு வரச்சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். யாரும் மூச்சு விடமாட்டார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் வருவார்.

என்னிடம் வந்தார். அவர் தலைமயிரில் புகை மணத்தது. நான் அண்ணாவின் முழுப்பெயரைச் சொன்னேன்.

அவர் கரைக்குப் போனார். "சிவநேசன்!" என்று நீட்டிக் கூப்பிட்டார். எழுத்துக்கள் அவர் வாயில் கொஞ்சம் நசுங்கின, ஆனால் அந்தப் பெயர்தான். நாய் எழுந்து காதை நிமிர்த்தி வயலைப் பார்த்தது.

"ஓம்" என்றேன் நான்.

நினைத்துச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பெயருக்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனுசி மெல்லத் திரும்பினார். சூரியன் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. நாய் என்னையும் பார்த்து, வயலையும் பார்த்து, பிறகு வாலை ஒடுக்கிக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தது.

"ஏன் நீ பதில் சொன்னாய்?"

நான் தலையில் இருந்த ஓக் வளையத்தைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.

"அவன் பாதி வழி வந்துவிட்டான்" என்றார். "வேறு யாரோ பதில் சொல்கிறது கேட்டு நின்றுவிட்டான்."

அன்று விடியும்வரை அவர் என்னுடன் பேசவில்லை. கடைசியில் தன் பங்குக்கு ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது மட்டும் ரகசியமாக, தண்ணீருக்குக் குனிந்து, உதடு அசைவதுதான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "கம்பி, நீ அவனுடைய இடத்தில் இருக்கிறாய். எழும்பு."

மூன்று கிழமை நித்திரை இல்லை. பஸ்சில் யாராவது சிவா என்றால் என் கழுத்துக்குப் பின்னால் இன்னொருவரும் திரும்புகிறார் என்று தோன்றும். வேலைத்தலத்துக் கழிவறைக் கண்ணாடியைப் பார்க்காமல் கை கழுவப் பழகினேன். கடைசியில் செல்வம் அண்ணையிடம் சொன்னேன், வக்கீலிடம் போய் உள்ளதைச் சொல்லிப் பெயரைத் திருத்தப்போகிறேன் என்று.

"விசரே உமக்கு?" என்றார் அவர். சிகரெட் விரலைச் சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. "வெண்ட கேஸை நீரே போய் உடைக்கப்போறீரோ? திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் கட்டுநாயக்கா எயார்போட்டிலை இறங்கின உடனை உம்மையும் தூக்குவாங்கள். கொம்மாக்கு ஒரு பிள்ளையாவது மிஞ்ச வேண்டாமோ?"

"அண்ணா திரும்பி வந்தால் அவருக்குப் பேர் வேணுமெல்லோ" என்றேன்.

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு நசுக்கினார். "உந்த மனுசி உமக்கு என்னவோ செய்துபோட்டுது" என்றார்.

குடிவரவு அதிகாரியின் முன்னால் இருந்தபோதும் அதையேதான் சொன்னேன். ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று அவர் கேட்டார். அண்ணா திரும்பி வந்தால் அவருக்கு அந்தப் பெயர் வேண்டும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லுமுன் கொஞ்சம் தயங்கினார். திருப்பி அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே அந்தப் பனிக்காலம் முழுவதும் போனது. ஒரு பையில் உடுப்பு அடுக்கியபடி கட்டிலுக்குக் கீழே இருந்தது. இளவேனிலில் முடிவு வந்தது. இருக்கலாம் என்றார்கள். என் சொந்தப் பெயரில் புதுப் பத்திரம் கிடைத்தது. முதலாளி என்னைப் புதுப் பெயரால் கூப்பிட்டபோது, மனுசி மேசையில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். அப்போதும் கம்பி என்றுதான் கூப்பிட்டார்.

அவர் செத்தது அதற்கு மூன்று நாலு வருடம் கழித்து, ஒரு இலையுதிர் காலத்தில். முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு, வளையத்தை வெளியில் வாங்கக்கூடாது, நாமே செய்வோம் என்றார். நான்தான் கம்பி வளைத்தேன். ஓக் இலை பழுத்துக்கொண்டிருந்த நேரம், மஞ்சளும் பச்சையுமாகக் கட்டினோம். முதலாளி ரிபனை அச்சடித்துக்கொண்டு வந்தார். அவருடைய பெயர் அதில் இருந்தது. பாசி நனைக்கிற பெண் அதை வாங்கி, வாசிக்காமல் நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள். பெயர் இல்லாத வளையம்தான் குழிக்குப் போனது. நல்லடக்கத்துக்கு நான் பிந்திப் போய்ப் பின்னால் நின்றேன். பாதிரியார் பெயரைச் சொல்கிற இடங்களில் காதுக்குள் விரலை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

பெயர் திருத்திய அந்த வருடமும் ஜூனில் பண்ணைக்குப் போனேன். மனுசி என்னிடம் வந்து காதைக் கொடுத்தார். சொன்னேன். "இந்த முறை வாயை மூடு" என்றார். கரைக்குப் போய்க் கூப்பிட்டார். என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் பதில் சொல்ல எழும்பியது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சூரியன் வயல் விளிம்பில் நின்றது. காற்று இல்லை. ஆனாலும் வயலில் பயிர் ஒரு கோடாக, ஆள் நடந்தால் விலகுவதுபோல, மெல்ல விலகிக் குளத்துப் பக்கம் வந்தது. நரியாக இருக்கலாம். மானாகவும் இருக்கலாம், அங்கே நிறைய உண்டு. கோடு வயலின் ஓரத்தில் நின்றது. ஒன்றும் வெளியே வரவில்லை.

மனுசி திரும்பி வந்தார். எல்லோரும் புல்லில்தான் இருந்தோம். அவர் வீட்டுக்குள் போய் ஒரு மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் முதுகில் ஒரு ஓக் வளையத்தைக் கொழுவினார். ஒரு கோப்பை பியர், ஒரு துண்டு சீஸ்.

"ஏன் கதிரை?" என்றேன்.

"நிலத்தில் இருக்க அவனால் முடியாது. இடது கால் மடங்காது."

எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு இளகிவிட்டது. சந்தோசத்தில். அண்ணா பள்ளிக்கூடத்து உதைபந்தாட்டக்காரர். இடது காலால் அவர் அடிக்கிற பந்தைப் பிடிக்க ஊரில் ஆள் இல்லை. ஆகவே மனுசி கூப்பிட்டு வந்தது வேறு யாரோ. அப்படியென்றால் அண்ணா செத்தவர்களோடு இல்லை. எங்கேயோ ஒரு சிறையில், ஒரு மூலையில், உயிரோடு இருக்கிறார். விடியும்வரை நான் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிம்மதியாக இருந்து பியர் குடித்தேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவரோடு இருப்பதுபோல ஒரு மரியாதையோடு. நெருப்பைத் தாண்டிக் குதிக்கச் சொன்னார்கள், குதித்தேன். விடிந்ததும் எல்லோரும் புல்லில் கிடந்த பனியை உள்ளங்கையால் அள்ளி முகம் கழுவினார்கள், நானும் கழுவினேன். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணா இருக்கிறார் அம்மா, எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன்.

இரண்டு வருடம் அப்படியே போனது.

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க்கடை. சனிக்கிழமை, முருங்கைக்காய்க் கட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். மீன் பெட்டிப் பக்கம் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்தவர், நெற்றியில் ஒரு தழும்பு. கிட்ட வந்து, "குறை நினையாதையுங்கோ" என்றார். "நீர் குணாவோ? சிவநேசன்ரை தம்பி?"

கையில் இருந்த முருங்கைக்காயை நான் கீழே வைத்ததாக ஞாபகம்.

அவர் பதினாலு மாதம் அண்ணாவோடு ஒரே அறையில் இருந்தவர். தெற்கில் ஒரு முகாம். கடைக்கு வெளியே, கார்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டே சொன்னார். அண்ணா செத்தது இரண்டாவது வருட மாரியில், காய்ச்சலில்.

"முதல் மாசமே காலை முறிச்சுப்போட்டாங்கள்" என்றார். "இடது கால். அது பிறகு மடங்கவே இல்லை. நிலத்திலை குந்த ஏலாது. நாங்கள் ஒரு வாளியைக் கவிட்டு வைச்சு அதிலைதான் இருத்துறனாங்கள்."

நல்ல வெயில். எந்தக் கால் என்று மறுபடி கேட்டேன், அவர் தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"உம்மைப் பற்றிக் கனக்கக் கதைப்பார்" என்றார் அவர். "பாஸ்போட் ஏஜென்ரிட்டைச் சும்மா கிடக்குது, தம்பி அதிலை போயிருந்தால் நல்லது, அவனுக்கும் என்ரை முகம்தானே எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீர் போயிட்டீரோ இல்லையோ எண்டதுதான் அவருக்குக் கடைசிவரைக்கும் கவலை."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவே அம்மாவுக்குச் சொன்னேன். அப்போது அவ கொழும்பில் சித்தியோடு இருந்தா. அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நீ பேரை மாத்தின பிறகு எனக்கு ஒரு குறை இருந்தது ராசா" என்றா. "கடித உறையிலை அவன்ரை பேரை எழுதுவன். ஒரு சாட்டுக்கெண்டாலும் எழுதுவன். அதுக்கும் வழி இல்லாமல் போச்சு."

"இப்பவும் எழுதுங்கோ அம்மா" என்றேன். "அவர்ரை பேருக்கே எழுதி என்ரை விலாசத்துக்குப் போடுங்கோ."

"செத்தவனுக்கோ?"

"எழுதுங்கோ."

"அவன் செத்திட்டான் எண்டு நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை" என்று சொல்லி வைத்துவிட்டா. சித்தி பிறகு எடுத்து, ஐயரைக் கூப்பிட்டு அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யக் கேட்டால் அம்மா எழும்பி அறைக்குள் போய்விடுகிறா என்றா.

ஜூன் தொடக்கத்தில் கடிதம் வந்தது. உறையில் 'செல்வன் சி. சிவநேசன்' என்று அம்மாவின் சாய்ந்த எழுத்து. நான் உடைக்கவில்லை. வேலைக்குக் கொண்டுபோய் மனுசிக்குக் காட்டினேன். கடையில் கண்டவர், கால், வாளி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உறையைக் கையில் வாங்கி, எழுத்திருந்த பக்கத்தைத் தன் நெஞ்சுப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "கொண்டு வா" என்றார். அன்று இரவு அம்மாவுக்கு எடுத்து, கடிதத்தை அண்ணாவிடமே கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

அந்த முறை பண்ணையில் ஆட்கள் குறைவு. பண்ணைக்காரக் கிழவருக்கு நடக்க முடியாது, போர்வையோடு வாசலில் இருத்தியிருந்தார்கள். மனுசி கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வயலில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் கிழவர் வாசலில் இருந்தபடியே தொப்பியைக் கழற்றி யாருக்கோ தலையைக் குனிந்தார். மனுசி கதிரையைக் கொண்டுவந்து வைத்து, கடிதத்தை அதன் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஓக் வளையத்தை மேலே வைத்தார்.

"அந்தப் பக்கம் பார்க்காதே" என்றார். "யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தால் வாசிக்க முடியாது."

நான் கதிரைக்கு முதுகைக் காட்டி இருந்தேன். நெருப்புக்கு விறகு போட்டேன். பாடினார்கள். குட்டி இரவுதான், ஆனால் முடியவே முடியாதுபோல இருந்தது. ஒரு தடவை காகிதம் சரசரத்தது போலக் கேட்டது. நெருப்பிலும் அப்படிச் சத்தம் வரும். திரும்பவில்லை. "அண்ணா" என்று மட்டும் சொன்னேன், நெருப்பைப் பார்த்துக்கொண்டு. "நான் வந்திட்டன். உங்கடை பாஸ்போட்டிலைதான் வந்தனான்."

விடிந்தபோது புல் முழுவதும் பனி. மனுசி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இனிப் பார்க்கலாம்" என்றார்.

வளையம் வைத்தபடியே இருந்தது. அதன் கீழே உறை நனைந்து ஊறியிருந்தது. அதன் வாய் திறந்திருந்தது. கிழியவில்லை. பனியில் பசை இளகினால் அப்படித் திறக்கும், அது எனக்குத் தெரியும். உள்ளே கடிதம் மடித்தபடி இருந்தது. நான் கையை நீட்டினேன். மனுசி பச்சை விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது உனக்கு எழுதியது இல்லை."

உறையை மூடி அவரே சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார், என்னுடைய பைக்குள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கொழும்புக்கு எடுத்தேன். அம்மாதான் எடுத்தா. காத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"குடுத்திட்டியோ?"

"ஓம் அம்மா."

"வாசிச்சவனோ?"

வயர் முழுவதும் கடல் இரைகிறதுபோல ஒரு இரைச்சல். நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது.

"வாசிச்சவர்."

அம்மா மூச்சு விடுகிறது கேட்டது. பிறகு சித்தியைக் கூப்பிட்டு, ஐயருக்கு ஆள் அனுப்பச் சொன்னா.